பட்டாணிக்குக் காத்திருக்கத் தெரியாது

வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் அதன் நுனியை ஒடித்துப் பார்ப்பது ஏன் என்று நம் சகோதரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 'டக்'கென்று ஒடிந்தால் இளங்காய். ஒடியாமல் வளைந்தால் முற்றல். கடைக்காரர் எவ்வளவுதான் முறைத்துப் பார்த்தாலும் இந்தப் பரீட்சையை யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை. நேற்று மாலை செடியில் பிஞ்சாக இருந்த காய், இன்று பறிக்கத் தவறினால் நாளைக்கு நாராகிவிடுகிறது.

பச்சைப் பட்டாணி இந்த அவசரத்தில் வெண்டைக்காயையும் மிஞ்சியது. பட்டாணி மணியில் சர்க்கரைச் சத்து நிறைந்திருப்பது மிகவும் சொற்ப காலமே. வெயில் சற்று உறைத்தால் போதும். ஓரிரு நாளில் அந்தச் சர்க்கரை மாவுச் சத்தாக மாறி, மணி கெட்டிப்பட்டுப் போகிறது. கொடியிலிருந்து பறித்த பிறகும் இந்த மாறுதல் நிற்பதில்லை. வீட்டுக் கொல்லையில் நாலு கொடி வைத்திருப்பவர்கள் அன்றன்றைக்குப் பறித்துச் சமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பட்டாணியை விதைத்து, அத்தனையும் ஒரே வாரத்தில் "இதோ, நான் தயார்!" என்று வந்து நின்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை தேடித் தேடியே வளர்ந்த ஒரு கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. காய்கறிகளைத் தகர டப்பாவில் அடைப்பதும், பனிக்கட்டி போல் உறைய வைத்து விற்பதும் அதன் தொழில். 'ஸீப்ரூக் பண்ணை' என்று அதற்குப் பெயர். ஒரு சிறு காய்கறித் தோட்டம் ஒரு தலைமுறைக்குள் பூலோகத்திலேயே மிகப் பெரிய காய்கறித் தொழிற்சாலை என்று பேர் வாங்கிய அதிசயத்தைச் சொல்வதற்காக மட்டும் நாம் அந்தக் கதையை எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாணியின் அவசரத்துக்கு ஈடு கொடுத்து இரவு பகலாய் ஓடிய கைகள் யாருடைய கைகள் என்பதையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும் என்று கருதுகிறோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் நியூ ஜெர்ஸி மாகாணம் இருக்கிறது. வடக்கே நியூயார்க்கும் மேற்கே பிலடெல்பியாவும் வயிறு காய்ந்து வாய் திறந்து நிற்கும் இரண்டு மகா நகரங்கள். இடையில் உள்ள நியூ ஜெர்ஸியின் தென்பகுதி பெரும்பாலும் சமநிலம். மணல் கலந்த மண். ஆகையால் நெடுங்காலமாகவே அது அந்த நகரங்களுக்குக் காய்கறித் தோட்டமாய் இருந்து வந்தது. அந்த மாகாணத்துக்குத் 'தோட்ட மாகாணம்' என்ற செல்லப் பெயரே உண்டு. அதன் தென்பகுதியில் கம்பர்லாந்து ஜில்லாவில், பிரிட்ஜ்டன் என்னும் ஊருக்கு அருகே, ஆர்தர் ஸீப்ரூக் என்ற குடியானவர் 57 ஏக்கர் நிலத்தில் காய்கறி பயிர் செய்து வந்தார். கருமமே கண்ணாயிருந்த மனிதர். ஆனால் 57 ஏக்கரோடு திருப்தி அடைந்துவிட்ட மனிதர்.

அவருடைய பிள்ளை சார்லஸ் பிராங்க்ளின் ஸீப்ரூக் 1881-ல் பிறந்தவர். அவருக்கோ திருப்தி என்பது இன்னதென்றே தெரியாது. எல்லாரும் அவரை 'ஸி. எப்.' என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம். ஸி. எப்.புக்குச் சிறு வயதிலிருந்தே விவசாயத்தைக் காட்டிலும் யந்திரங்களிடத்தில்தான் மோகம் அதிகம். பண்ணையில் பிறந்த எஞ்சினீயர் என்று அவரைச் சொல்லலாம். பிற்காலத்தில் பத்திரிகைக்காரர்கள் அவரை 'விவசாயத்தின் ஹென்றி போர்டு' என்று புகழ்ந்ததற்குக் காரணமும் இதுதான். மோட்டார் வண்டியைச் சங்கிலித் தொடராய்ச் செய்து தள்ளியது போலப் பட்டாணியையும் கீரையையும் செய்து தள்ள முடியும் என்று அவர் நம்பினார்.

முதல் முயற்சி மழையை வசப்படுத்துவது. 1907-ஆம் வருஷ வாக்கில், தகப்பனாரின் செலரிப் பாத்தியில் பிள்ளை ஒரு புது ஏற்பாடு செய்தார். கம்பங்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் நீளமான இரும்புக் குழாய்களைக் கிடத்தி, குழாய்களில் சிறு துவாரங்கள் வைத்துத் தண்ணீரை அழுத்தத்தோடு விட்டார். தண்ணீர் தூற்றல் மழையாய்ப் பொழிந்தது. ஏற்றம் இறைத்தும் மடை திறந்தும் பாய்ச்சும் நாட்டில் பிறந்த நமக்கு, மழைக்கே குழாய் போட்ட இந்தக் காரியம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விளைச்சல் வேடிக்கையாக இருக்கவில்லை. அந்தப் பாத்தி மற்றப் பாத்திகளைப் பார்த்துச் சிரித்தது என்றே சொல்ல வேண்டும். அதன் பிறகு பண்ணை முழுவதும் குழாய்கள் ஏறின.

சில வருஷங்களுக்குள் ஸி. எப். தகப்பனாரின் பங்கையும் தாமே வாங்கிக்கொண்டார். 1914-ல் மூண்ட முதல் உலக மகாயுத்தம் உணவுப் பண்டங்களின் விலையை ஏற்றிவிட்டதும் அவருக்குச் சாதகமாயிற்று. நிலத்துக்கு மேல் நிலம் வாங்கினார், சாலை போட்டார், மின்சார நிலையமும் குளிர்க் கிடங்கும் டப்பாத் தொழிற்சாலையும் வேலைக்காரர் குடியிருப்பும் எழுந்தன. எல்லாம் கடன் பணம். யுத்தம் ஓய்ந்து விலை இறங்கியபோது கடன் மட்டும் இறங்கவில்லை. 1924-ல் பண்ணை அவர் கையை விட்டே போய்விட்டது. வேறொருவராய் இருந்தால் அத்துடன் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஸி. எப். சாலை போடும் கண்டிராக்டராகி, சோவியத் ருஷ்யா வரைக்கும் போய் வேலை எடுத்துச் செய்தார். 1930 நெருங்கும் சமயத்தில் பண்ணையை மறுபடியும் தம் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். இந்தத் தடவை பெல்போர்டு, கோர்ட்னி, ஜாக் என்ற மூன்று பிள்ளைகளும் அவருடன் தொழிலில் சேர்ந்தார்கள். காய்கறிகளைப் பக்குவம் செய்து அடைக்கும் கிளைக்கு 'டீர்பீல்டு பாக்கிங் கார்ப்பொரேஷன்' என்று பெயர் வைக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று, அடைக்கும் வித்தையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

நம் பாட்டிமார்கள் வற்றலும் வடாமும் ஊறுகாயும் போட்டு வைத்ததெல்லாம் காலத்தோடு நடத்திய போராட்டந்தான். வெயிலும் உப்பும் எண்ணெயுமே அவர்களுடைய ஆயுதங்கள். ஐரோப்பாவில் வெயிலுக்குப் பஞ்சம். நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு சர்க்கார், சேனைகளுக்கு உணவைக் கெடாமல் வைக்கும் வழி கண்டுபிடிப்பவருக்கு 12,000 பிராங்கு பரிசு என்று அறிவித்திருந்தது. நிகொலாஸ் அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, புட்டியோடு வெந்நீரில் கொதிக்க வைத்து, 1810-ல் அந்தப் பரிசைத் தட்டிக்கொண்டு போனார். அதே வருஷம் இங்கிலாந்தில் புட்டிக்குப் பதிலாகத் தகர டப்பா வந்தது. ஏன் உணவு கெடாமல் இருக்கிறது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. கிருமிகள்தான் காரணம் என்று பாஸ்டர் நிரூபிப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

டப்பாவில் அடைத்த பட்டாணி கெடுவதில்லை, உண்மைதான். ஆனால் அது பச்சைப் பட்டாணி என்று சொன்னால் பட்டாணியே ஒப்புக்கொள்ளாது. கிருமிகள் சாகும் அளவுக்கு வெந்து, பச்சை நிறம் பழுப்பாகி, தொட்டால் குழைந்துபோகும். கீரையின் கதி இதைவிட மோசம். இந்தக் குறைக்குப் பரிகாரம் ஒரு பனிப் பாலைவனத்திலிருந்து வந்தது.

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர் 1912-லிருந்து சில வருஷ காலம் கனடாவுக்கு வடகிழக்கே லாப்ரடார் பிரதேசத்தில் தோல் வியாபாரம் செய்து வந்தார். அங்கே கடுங்குளிர் காலத்தில் எஸ்கிமோக்கள் மீனைப் பிடித்து வெளியே எடுத்ததும் அது கண் எதிரே கல்லாய் உறைந்துவிடும். பல வாரம் கழித்து அதை இளக்கிச் சமைத்தாலும் அன்று பிடித்த மீன் போலவே ருசித்தது. மெதுவாக உறைந்த மீனோ சொதசொதவென்று போயிற்று. இதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். மெல்ல உறையும்போது நீர் பெரிய பெரிய பனிப் படிகங்களாகி, உணவின் நுண்ணறைகளைக் குத்திக் கிழித்துவிடுகிறது. சடுதியில் உறைந்தால் படிகங்கள் மிகச் சிறியவை; அறைகள் கிழிவதில்லை. எல்லாம் வேகத்தில் இருக்கிறது! உணவை அட்டைப் பெட்டியில் வைத்து, குளிரூட்டிய இரண்டு உலோகத் தகடுகளின் நடுவே அழுத்தி உறைய வைக்கும் யந்திரம் ஒன்றை அவர் செய்தார். 1929-ல் அவருடைய உரிமைகளும் கம்பெனியும் 2 கோடி 20 லட்சம் டாலருக்கு விலை போயின. வாங்கிய ஸ்தாபனந்தான் 'ஜெனரல் புட்ஸ்' என்று பெயர் பூண்டது. 1930 மார்ச்சு 6-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் உறைந்த பட்டாணியும் கீரையும் மீனும் மாமிசமும் முதன்முதலாகக் கடையில் வைத்து விற்கப்பட்டன.

மீனுக்கு ஒத்துவந்த வித்தை காய்கறிக்கு உடனே ஒத்துவந்துவிடவில்லை. காய்கறிக்குள் 'என்ஸைம்' என்னும் நொதிச் சத்துக்கள் இருக்கின்றன. குளிர் அவற்றின் வேலையை மந்தப்படுத்துமே ஒழிய நிறுத்திவிடாது. பச்சையாய் உறைய வைத்த பட்டாணி பெட்டிக்குள்ளேயே மெல்ல மெல்ல வைக்கோல் நாற்றம் அடிக்கத் தொடங்கும். முதலில் சில நிமிஷம் வெந்நீரிலோ ஆவியிலோ காட்டி எடுத்து, பிறகு உறைய வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வயலில் பறித்தது முதல் உறைய வைப்பது வரையில் ஆகும் நேரம் மிகக் குறைவாய் இருக்க வேண்டும். அதாவது, தொழிற்சாலை வயலின் நடுவில் இருக்க வேண்டும்.

வயல், குளிர்க் கிடங்கு, மின்சாரம், சாலை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு, எதைச் செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார் ஸி. எப். வித்தையை வைத்துக்கொண்டு, எங்கே செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தது ஜெனரல் புட்ஸ். இருவரும் 1930-களின் தொடக்கத்தில் கைகோத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கடைகளில் 'டபிள் பீன்ஸ்' என்று விற்கிறார்களே, அந்த லைமா பீன்ஸும் பட்டாணியும் 'ஸ்பினாச்' என்ற கீரையும் ஸீப்ரூக்கில் விளைந்து, ஸீப்ரூக்கிலேயே உறைந்து, 'பேர்ட்ஸ்ஐ' என்ற முத்திரையோடு வெளியூர்களுக்குப் போயின. கீரை ஏராளமாய் விளைந்தபடியால் ஸி. எப்.புக்குக் 'கீரை ராஜா' என்ற பட்டமும் பின்னால் கிடைத்தது.

கீரை ராஜாவின் ராஜ்யத்தில் பிரஜைகளின் நிலைமை என்ன?

கறுப்பு இனத்தவர்களும் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களும் பண்ணையில் பெருவாரியாக உழைத்தார்கள். 1934-ஆம் வருஷம் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். அந்த ஏப்ரலில் இரு இனத்தாரும் ஒரே சங்கமாய்ச் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆண்களுக்கு மணிக்கு 30 சென்டு, பெண்களுக்கு 25 சென்டு என்ற கூலியும் பெற்றார்கள். கோடை வந்ததும் கம்பெனி அந்தக் கூலியைக் குறைக்க முற்பட்டது, ஆட்களையும் நீக்கியது. ஜூலையில் மறுபடி வேலைநிறுத்தம் மூண்டது. இந்தத் தடவை கண்ணீர்ப் புகைக் குண்டும் தடியும் தீயணைக்கும் குழாயின் நீரும் தொழிலாளர் மேல் பாய்ந்தன. செலரிக்குத் தூற்றல் மழை பொழிந்த பண்ணையில் மனிதர்களுக்குக் கிடைத்த மழை இது! மத்திய சர்க்கார் அனுப்பிய மத்தியஸ்தர் வந்து சமரசம் செய்து வைத்தார். ஆனாலும் தொழிலாளர் சங்கம் அங்கே வேரூன்ற முடியாமல் போயிற்று. மறு வருஷம், 1935-ல், சங்கம் வைக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்கிய பிரசித்தி பெற்ற சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று. அந்தச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்கு இடம் இல்லை. விளைநிலத்தைத் தொழிற்சாலை ஆக்கியாயிற்று. அங்கே வேலை செய்கிறவன் தொழிலாளி அல்லன் என்றும் சொல்லியாயிற்று. இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

இரண்டாவது உலக மகாயுத்தம் வந்தது. தகரம் விளைந்த மலேயா ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. இருந்த தகரமும் யுத்த காரியத்துக்கே தேவைப்பட்டது. 1943-ல் அமெரிக்காவில் டப்பா உணவுக்குப் பங்கீடு வந்துவிட்டது. உறைந்த காய்கறிக்கோ அட்டைப் பெட்டி போதும். அதுவரையில் 'இது என்ன புதுமை' என்று தயங்கிய குடும்பங்களும் உறைந்த பட்டாணியை வாங்கிச் சமைக்கக் கற்றுக்கொண்டன. சேனைக்கும் ஸீப்ரூக் சரக்கு போயிற்று. விற்பனைக்குக் குறைவில்லை, விளைச்சலுக்கும் குறைவில்லை. ஆட்களுக்குத்தான் பஞ்சம். வாலிபர்கள் சேனைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கூலி அதிகம் தரும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். ஜமெய்க்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஆட்களைத் தருவித்தார்கள். அதுவும் போதவில்லை.

அப்போதுதான் கம்பெனியின் பார்வை முள்வேலிகளின் பக்கம் திரும்பிற்று.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும், அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தார் எல்லாரையும் சந்தேகம் சூழ்ந்தது. 1942 பிப்ரவரி 19-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவின் பேரில் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி, உள்நாட்டில் பத்து முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். குற்றம் என்று எதுவும் யார் மேலும் சாட்டப்படவில்லை. வீடும் கடையும் தோட்டமும் அடிமாட்டு விலைக்குப் போயின.

1944-ன் ஆரம்பத்தில், ஆர்க்கன்ஸா மாகாணத்து ஜெரோம் முகாமிலிருந்து சிலர் ஸீப்ரூக்கைப் பார்த்து வர அனுப்பப்பட்டார்கள். வேலை உண்டு; குடும்பத்தோடு இருக்க இடம் உண்டு; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று அவர்கள் திரும்பிப் போய்ச் சொன்னார்கள். அதன் பேரில் பல முகாம்களிலிருந்தும் குடும்பங்கள் ரயில் ஏறின. மொத்தம் சுமார் 2,500 பேர் ஸீப்ரூக்குக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. கூலி மணிக்கு 35 சென்டிலிருந்து 50 சென்டு வரை. தாய் பகலில் பட்டாணி பொறுக்கும் பட்டறையில் நின்றால், தகப்பன் இரவில் குளிர்க் கிடங்கில் நிற்பான். சிமெண்டுக் கல் கட்டடங்களில் வரிசை வரிசையாகச் சிறு சிறு வீடுகள்.

"முள்வேலி இல்லை, காவல்காரன் இல்லை, அதுவே பெரிது" என்று எண்ணியவர்களும் அவர்களில் உண்டு. "ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு வந்தோம்" என்று மனம் கசந்தவர்களும் உண்டு. கம்பெனி அவர்களுக்குச் செய்தது உபகாரமா, அவர்களுடைய கதியற்ற நிலையைக் கம்பெனி உபயோகித்துக்கொண்டதா என்று கேட்டால், இரண்டும்தான் என்று நாம் சொல்லுவோம். மற்ற இடங்களில் வேலை தர மறுத்தவர்கள் அநேகர் இருந்த காலத்தில் ஸீப்ரூக் கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வேறு கதவு இல்லை என்பதும் ஸீப்ரூக்குக்கு நன்றாய்த் தெரியும்.

இவர்களிலும் பரிதாபத்துக்குரிய ஒரு கூட்டத்தார் பெரு தேசத்திலிருந்து வந்தவர்கள். தென் அமெரிக்காவில் பெருவில் குடியிருந்த ஜப்பானியர் பலரை யுத்த காலத்தில் அமெரிக்க சர்க்கார் அங்கிருந்தே பிடித்துக்கொண்டு வந்து, டெக்ஸாஸ் மாகாணத்தில் கிரிஸ்டல் ஸிடி என்ற முகாமில் வைத்திருந்தது. யுத்தம் முடிந்ததும் 'நீங்கள் அநுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் நுழைந்தவர்கள்' என்று சொல்லி அவர்களை நாடு கடத்த ஏற்பாடு செய்தார்கள். கையைப் பிடித்து இழுத்து வந்தவனே 'ஏன் வந்தாய்?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பெருவோ அவர்களைத் திரும்ப ஏற்க மறுத்தது. வெயின் காலின்ஸ் என்ற வக்கீல் அவர்களுக்காகக் கோர்ட்டு ஏறி வாதாடினார். வழக்கு முடியும் வரையில் 1946-லிருந்து ஸீப்ரூக்கில் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று அவர்களில் பலருக்கு அநுமதி கிடைத்தது. சில வருஷங்களுக்கெல்லாம் ஐரோப்பாவில் நாடு இழந்து அகதிகளான எஸ்தோனியரும் வந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட பாஷைகள் பேசும் ஜனங்கள் ஒரே கீரையை அலசிக்கொண்டிருந்த விசித்திரத்தை அந்தக் கிராமத்தில் பார்க்கலாம்.

இத்தனை கைகள் இருந்தும் பட்டாணிப் பிரச்னை தீர்ந்தபாடில்லை. விதைப்பதில் என்ன தவறு செய்தாலும் அறுப்புக் காலத்தில் அது வந்து தலையில் விழும். ஏழு நாள் இடைவெளி விட்டு விட்டு விதைத்தால் ஏழு நாள் இடைவெளி விட்டு விட்டு விளையும் என்றுதானே நினைப்போம்? பட்டாணி அப்படி நினைப்பதில்லை. குளிர் நீங்காத வசந்த ஆரம்பத்தில் விதைத்தது சோம்பிச் சோம்பி வளரும்; பிந்தி விதைத்தது வெயிலில் துள்ளிக்கொண்டு வளரும்; கடைசியில் இரண்டும் ஒன்றாய் வந்து நிற்கும். இரவும் பகலும் யந்திரம் ஓடியும், ஆட்கள் தூக்கமில்லாமல் நின்றும், முற்றிப் போனது போக மிஞ்சியதைத்தான் எடுக்க முடிந்தது.

1946-ல் கம்பெனி ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. வாரன் தார்ன்த்வெயிட் என்ற சீதோஷ்ண சாஸ்திரியை வேலைக்கு அமர்த்திக்கொண்டது. மண் பாதுகாப்பு இலாகாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். காலண்டரைத் தூக்கிப் போடுங்கள் என்றார் அவர். பட்டாணிக்குத் தேதி தெரியாது, உஷ்ணந்தான் தெரியும். பங்குனியில் ஒரு வாரத்தில் ஏறும் வளர்ச்சி ஆனியில் ஓரிரு நாளில் ஏறிவிடலாம். ஆகவே நாளை எண்ணாமல் வளர்ச்சியை எண்ண வேண்டும். ஒவ்வொரு தினத்துக்கும் 'இவ்வளவு வளர்ச்சி அலகு' என்று அந்தப் பிரதேசத்துக்கே ஒரு பஞ்சாங்கம் கணித்தார். அறுப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை அலகு ஏறும் என்று பார்ப்பது. விதைப்புக் காலத்தில் அத்தனை அலகு ஏறும் வரையில் காத்திருந்து அடுத்த வயலை விதைப்பது. கணக்கு அவ்வளவுதான். வசந்த காலத்தில் பல நாள் இடைவெளியில் விதைத்த வயல்கள் கோடையில் ஒன்றன்பின் ஒன்றாய், நாளுக்கு ஒன்றாய், வரிசை தவறாமல் விளைந்து வந்தன. நாள் பார்த்து விதைக்கும் வழக்கமுள்ள நம் குடியானவர்கள் இதைக் கேட்டால், பஞ்சாங்கம் வைத்தது சரிதான் என்றுதான் சொல்லுவார்கள்.

அவர் செய்த இன்னொரு கணக்கு குடும்பம் நடத்துகிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும். மண்ணில் உள்ள ஈரத்தை அவர் பாங்கிக் கணக்குப் போல வைத்தார். மழை வரவு, மண்ணிலிருந்து ஆவியாகியும் இலை வழியாக வெளியேறியும் போகும் நீர் செலவு. இருப்புக் குறைந்தால் குழாயைத் திற, இல்லாவிட்டால் திறக்காதே. இந்த ஆராய்ச்சியின் விளைவாய் 1948-ல் அவர் வெளியிட்ட சீதோஷ்ணப் பிரிவினை முறை உலகமெங்கும் பரவிற்று. நம் நாட்டுக் கலாசாலைகளில் பூகோளம் வாசிக்கும் மாணவர்கள் பரீட்சைக்காக உருப்போடும் தார்ன்த்வெயிட் இந்தப் பட்டாணிப் பண்ணைக்காரர்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

காய்கறி கழுவிய அழுக்கு நீர் ஓடைகளைக் கெடுக்கிறது என்று புகார் வந்தபோதும் அவரிடமே போனார்கள். அந்த நீரை 1950-ல் அருகிலிருந்த ஒரு காட்டுக்குள் குழாய் வழியே கொண்டுபோய் மழையாய்த் தெளித்தார்கள். வயலில் நின்றுபோகும் அளவு தண்ணீரைக் காட்டு மண் சளைக்காமல் குடித்தது. மரத்தடியில் சருகு மூடிக் கிடந்த மணல் பூமி அதைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பிவிட்டது.

1950-களின் நடுவில் ஸீப்ரூக்கின் பெருமை உச்சத்தை எட்டியது. சொந்த நிலமும் ஒப்பந்த நிலமுமாக 50,000 ஏக்கர். வேலை செய்தவர்கள் 8,000 பேர். அமெரிக்காவில் விற்ற உறைந்த காய்கறியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று ஸி. எப்.பின் பேரரான எழுத்தாளர் ஜான் ஸீப்ரூக் கணக்குச் சொல்லுகிறார். 1955-ல் 'லைப்' என்னும் சித்திரப் பத்திரிகை, பூமியிலேயே பெரிய காய்கறித் தொழிற்சாலை என்று படங்களோடு கட்டுரை வெளியிட்டது.

நாலு வருஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நஷ்டத்தால் அன்று, எதிரிகளாலும் அன்று. பட்டாணியைக் குறித்த வேளைக்கு விளையச் செய்த மனிதருக்குத் தம் பிள்ளைகளிடத்தில் காரியத்தை ஒப்படைக்கும் வேளை எது என்று தெரியவில்லை. வயதாக ஆக, கூட உழைத்த மூன்று பிள்ளைகள் மேலும் அவருக்கு அவநம்பிக்கை வளர்ந்தது. முக்கியமாக, நிர்வாகத்தை நடத்தி வந்த கடைசிப் பிள்ளை ஜாக்கிடம் மனஸ்தாபம் முற்றியது. 1959-ல் ஸி. எப். பண்ணையை நியூயார்க்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவந்த ஸீமன் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். தகப்பனாரிடமிருந்து தாம் வாங்கியதைத் தம் பிள்ளைகள் தம்மிடமிருந்து வாங்க அவர் சம்மதிக்கவில்லை. 1964-ல் காலமானார். பேரர் ஜான் இந்தக் குடும்பக் கதையைப் 'கீரை ராஜா' என்ற பெயரிலேயே 2025-ல் புத்தகமாக எழுதி வெளியிட்டிருக்கிறார். தாத்தாவுக்கு வேண்டியவர்கள் படித்தால் மகிழ்ந்து போகும்படியான புத்தகம் அல்ல.

புதிய எஜமானர்கள் பண்ணையை வெகுகாலம் நடத்தவில்லை. பழைய தொழிற்சாலை படிப்படியாய் ஓய்ந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஸீப்ரூக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் 'ஸீப்ரூக் பிரதர்ஸ் அண்டு ஸன்ஸ்' என்ற புதுக் கம்பெனி ஆரம்பித்து, அதே ஊரில் காய்கறியை உறைய வைக்கும் தொழிலை மறுபடி தொடங்கினார்கள்.

முகாம்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் யுத்தம் முடிந்த சில வருஷங்களில் மேலைக் கடற்கரைக்கோ வேறு நகரங்களுக்கோ போய்விட்டார்கள். தங்கியவர்களும் உண்டு. அவர்கள் 1945-லேயே அங்கே ஒரு புத்தர் ஆலயம் அமைத்துக்கொண்டார்கள். பெருவிலிருந்து வந்தவர்களிலும் சிலர் அங்கேயே அமெரிக்கப் பிரஜைகள் ஆனார்கள். 1988-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, முகாம்களில் அடைபட்டு உயிரோடு இருந்த ஜப்பானிய அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டாலரும் அளித்தது. பெருவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றார்கள். பின்னால் அவர்கள் வழக்குத் தொடுத்து, 1998-ல் ஆளுக்கு 5,000 டாலர் பெற ஏற்பாடாயிற்று.

1994-ல், அங்கே தங்கிவிட்ட குடும்பத்தார் சேர்ந்து, பஞ்சாயத்துக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு சிறு காட்சிசாலை திறந்தார்கள். பழைய கிராமத்தை அளவெடுத்தாற்போல் சிறிதாகச் செய்து அங்கே வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலையின் புகைபோக்கியும், தண்ணீர்த் தொட்டியும், வரிசை வீடுகளும் அதில் இருக்கின்றன. ஜூலை மாதத்தில் புத்தர் ஆலயத்தார் பித்ருக்களை நினைத்து 'ஓபோன்' திருவிழா நடத்துவதும் வழக்கமாய் வந்திருக்கிறது. மேளம் முழங்க, வட்டமாய் நின்று ஆடுவார்கள். பண்ணையில் பட்டாணி அறுப்பு முடிந்து லைமா பீன்ஸ் பிடிக்கத் தொடங்கும் சமயம் அது.